ஒரு பார்க் பிளேட்டுக்கு ஒரு மாதமா? பாரிஸில் நிஜமாகவே இப்படித்தான் வரையக் கற்றார்களா?

#1 கௌசல்யா_ஸ்கெட்ச்

வணக்கம். ஆன்லைனில் ஓர் அடெலியே (ஓவியப் பட்டறை) வகுப்பில் சேர்ந்து, 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க்கின் டிராயிங் கோர்ஸ் பிளேட்டுகளை, அதாவது அச்சிட்ட மாதிரிப் படங்களை, காப்பி எடுத்து வருகிறேன். காது, பாதம், கிரேக்கச் சிலைகளின் முகம் என்று போகிறது. அசலையும் காப்பியையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியக்கூடாது என்பது ஆசிரியரின் கட்டளை. பென்சிலை ஊசியாகச் சீவி, தாளின் ஒவ்வொரு சின்னக் குழியையும் நிரப்பி, ஒரு பிளேட் முடிய ஒரு மாதம்கூட ஆகிவிடுகிறது. பொறுமைக்கு எனக்குக் குறைச்சல் இல்லை. அதுவல்ல சிக்கல்.

போன ஞாயிற்றுக்கிழமை சில நண்பர்கள் சேர்ந்து ஒரு மாடலை வைத்து வரைந்தோம். 20 நிமிட போஸ். நேரம் முடிந்தபோது என் தாளில் பார்வையான ஒரு தலையும் ஒரு தோளும் இருந்தன. மீதி உடம்புக்குத் தாளில் இடமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் முறையாக எங்கும் படிக்காதவன். அவன் தாளில் ஆள் நிற்கிறார். எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது.

"பிரெஞ்சு அகாடமி முறை" என்று சொல்லித்தான் இந்த வகுப்பை விற்கிறார்கள். அங்கே, அந்தக் காலத்தில், இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களா? வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மா_வந்தவன்

காதுக்கு ஒரு மாதம் என்றால் முழு ஆளை முடிப்பதற்குள் மாடலுக்கு பென்ஷன் வந்துவிடும்.

#3 ஃப்ளாரன்ஸ்_ரவி

சிரிக்கலாம், ஆனால் விஷயம் அவ்வளவு லேசானது இல்லை. நான் இத்தாலியில் ஓர் அடெலியேவில் படித்தவன். முதல் வருடம் பெரும்பாலும் பார்க் பிளேட்டும் பிளாஸ்டர் சிலையும்தான். மெதுவாகப் போவதற்குக் காரணம் உண்டு. பிளேட் தட்டையானது, அசையாது, வெளிச்சம் மாறாது. அதில் ஒரு கோட்டின் சாய்வைச் சரியாகப் பார்க்க முடியாதவர், மூச்சு விடுகிற மனிதரில் எப்படிப் பார்ப்பார்? முதலில் அச்சுப்படம், பிறகு பிளாஸ்டர், கடைசியில் உயிருள்ள மாடல் என்ற வரிசையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பாரிஸ் அகாடமியின் வரிசையே அதுதான்.

கௌசல்யா, 20 நிமிட போஸில் சொதப்பியதை வைத்துப் பயிற்சியையே சந்தேகப்படாதீர்கள். துல்லியம் முதலில், வேகம் தானாக வரும். அவசரப்பட்டுக் குவிக் ஸ்கெட்ச் பக்கம் போனவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் கழித்தும் அதே இரண்டு மூன்று உருவத்தைத்தான் திருப்பித் திருப்பி வரைவார்கள்.

#4 லாச்சப்பல்காரன்

ரவி சொன்ன வரிசை சரி. ஆனால் அந்த வரிசையில் எதற்கு எவ்வளவு நேரம் என்பதில்தான் இன்றைய வகுப்புகள் வேறு பாதையில் போகின்றன. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் பார்க். அவருடைய கோர்ஸ் பாரிஸின் அரசு ஓவியப் பள்ளியான எக்கோல் தே போசாருக்கான பாடப்புத்தகம் இல்லை. கூப்பில் என்ற பெரிய படக்கடை நிறுவனம் 1860களின் கடைசியில் வெளியிடத் தொடங்கி, 1870களின் தொடக்கத்தில் முடித்தது. ஓவியர் ழெரோம் கூட்டாளி. அவர் கூப்பிலின் மருமகனும்கூட, அதனால் வீட்டு வியாபாரம் என்றும் சொல்லலாம். மொத்தம் 197 லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்): சிலை வார்ப்புகள் 70, பழைய ஆசான்களின் ஓவியங்களிலிருந்து 67, மூன்றாம் பாகத்தில் கரிப் பயிற்சிக்கான நிர்வாண ஆண் உருவங்கள் 60. அலங்கார வேலை, கைத்தொழில் வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல மாதிரிப் படங்கள் வேண்டும் என்ற தேவைக்காக வந்தது. பிறகு ஆட்கள் மறந்தே போனார்கள். ஜெரால்ட் அக்கர்மன் 2003இல் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தொகுத்த பிறகுதான் இன்றைய அடெலியேக்களில் அது வேதமானது.

இதில் மூன்றாம் பாகத்தைப் பாருங்கோ. பெரும்பாலும் வெறும் வெளிக்கோடு. நேர்க்கோடுகளாக வெட்டி வெட்டி முழு ஆளையும் நிறுத்தியிருப்பார். மினுக்கு வேலை கிடையாது. உங்கள் ஆசிரியர் இந்தப் பாகத்தை எடுக்கச் சொன்னாரா? பெரும்பாலான வகுப்புகளில் முதல் பாகத்திலேயே ஆட்கள் மூழ்கிவிடுகிறார்கள்.

இந்தப் படங்களை எந்த வேகத்தில் போட்டார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. வான்கோ. அவர் 1880இல், பெல்ஜியச் சுரங்கப் பகுதியில், வரையத் தொடங்கியபோதே மூன்றாம் பாகத்தைப் போட்டுத் தள்ளினார். 1890இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஓவேரிலிருந்து தம்பிக்கு எழுதுகிறார்: பார்க்கின் கரிப் படங்களை அனுப்பு, 60 தாள்களையும் ஒரு மாதத்தில் போட்டு முடிப்பேன், உருவத்தின் அளவுகளையும் நிர்வாண உடலையும் படித்துக்கொண்டே இருக்காவிட்டால் பிறகு கஷ்டப்படுவேன் என்று. அதாவது நாளுக்கு இரண்டு. சூரியகாந்தியெல்லாம் வரைந்து முடித்த மனிதர் சொல்வது இது.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்களுக்கு நடந்ததை 1765லேயே ஓவியர் ஷார்தான் சொல்லியிருக்கிறார், எழுத்தாளர் தீதரோ எழுதி வைத்திருக்கிறார். ஏழெட்டு வயதில் கையில் சுண்ணக்கோலைக் கொடுக்கிறார்கள். கண், மூக்கு, வாய், காது, பிறகு கை, கால் என்று காப்பி. முதுகு வளைந்து வளைந்து வருடங்கள் போன பிறகு சிலைக்கு முன் உட்காரவைக்கிறார்கள். அங்கே கண்ணீர். அதற்கும் பிறகு உயிருள்ள உடம்பு முன்னால் வருகிறது, அதுவரை உழைத்த அத்தனையும் ஒன்றுமில்லாமல் போகிறது. இது ஷார்தானின் பேச்சின் சாரம். அகாடமிக்குள் இருந்தவரே சொன்னது.

#5 ஃப்ளாரன்ஸ்_ரவி

ஷார்தான் சொன்னது மாணவனின் கஷ்டத்தை, முறையின் தோல்வியை அல்ல. கண்காட்சியில் இருக்கும் படத்தைச் சாதாரணமாக எடைபோடாதீர்கள், இந்தப் பையன்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் தெரியுமா என்பதற்காகத்தான் அவர் அதைச் சொன்னார். வான்கோ அகாடமிக்காரரும் இல்லை.

இன்னொன்று. நாங்கள் படிக்கும் சைட்-சைஸ் முறைக்கு நேரடிப் பரம்பரை உண்டு. பாஸ்டன் ஓவியர் பாக்ஸ்டன் பாரிஸில் ழெரோமிடம் படித்தார். பாக்ஸ்டனிடம் கேமல், கேமலிடம் லாக். இன்றைக்கு ஃப்ளாரன்ஸிலும் மினியாபோலிஸிலும் இருக்கிற அடெலியேக்களில் பல இந்த வழியில் வந்தவை. "இது இன்றைய கண்டுபிடிப்பு" என்று ஒதுக்குவது நியாயமில்லை.

(புதியவர்களுக்கு: சைட்-சைஸ் என்றால் மாடலும் தாளும் பக்கத்தில் பக்கத்தில், குறித்த ஓர் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே அளவில் தெரியும்படி வைத்து வரைவது. பின்னால் போய்ப் பார்ப்போம், முன்னால் வந்து கோடு போடுவோம், மறுபடி பின்னால் போவோம்.)

#6 லாச்சப்பல்காரன்

பரம்பரை உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ழெரோமின் வகுப்பறையைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்கோ.

1863 நவம்பரில் ஓர் அரசாணை வந்து எக்கோலின் அமைப்பையே மாற்றியது. அதுவரை அங்கே வரைதல் மட்டும்தான் பாடம். வண்ணம் படிக்க வேண்டுமென்றால் வெளியே ஓர் ஓவியரின் தனி அடெலியேக்குக் காசு கட்டிப் போகவேண்டும். எக்கோலில் திருத்துகிற பேராசிரியர்களோ மாதத்துக்கு ஒருவராக மாறுவார்கள். இந்த மாதம் ஒருவர் "தோளை இறக்கு" என்பார், அடுத்த மாதம் இன்னொருவர் "ஏன் இறக்கினாய்" என்பார். ஆணைக்குப் பிறகு எக்கோலுக்குள்ளேயே மூன்று ஓவிய அடெலியே வந்தன: ழெரோம், கபனெல், பீல்ஸ். (கட்டடக் கலைஞர் வியொலெ-லெ-துய்க்கை அழகியல் விரிவுரைக்குக் கொண்டுவந்தார்கள். பையன்கள் ஊளையிட்டே அவரைத் துரத்திவிட்டார்கள். மாணவர்கள் அன்றைக்கும் மாணவர்கள்தான்.)

இந்த அடெலியேக்களில் கூட்டம் நெரியும். திங்கட்கிழமை மாடல் மேடையில் ஏறி ஒரு நிலையில் நிற்பார், சனிக்கிழமை வரை அதே நிலை. யார் எங்கே உட்காருவது என்பதற்கு முறை வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். போட்டியில் நல்ல இடம் பிடித்தவனுக்கு முதல் தேர்வு. மேடையைச் சுற்றி முன்வரிசை தாழ்ந்த முக்காலியில், அடுத்த வரிசை உயரமான முக்காலியில், பின்னால் ஈஸலோடு நிற்பவர்கள். முழங்கை இடிக்கும். இந்த நெரிசலில் மாடலுக்குப் பக்கத்தில் தாளை வைத்து, பல அடி பின்னால் நடந்து போய், திரும்ப வருவது எத்தனை பேருக்கு முடியும்? பெரும்பாலானவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, தாளுக்கு ஏற்ற அளவில், ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் அளந்திருக்க முடியும். தலையின் உயரம் உடம்பில் எத்தனை தடவை, இடுப்பின் அகலம் அதில் எத்தனை பங்கு என்று.

அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் தன் போர்ட்ரெயிட்டுகளில் ரவி சொன்ன மாதிரிதான் நடந்து நடந்து வரைந்தார். தனி ஸ்டுடியோ, ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார், நடக்கலாம். சிலைக்கு முன்னாலும் அது நல்ல முறை. "இதுதான் அகாடமி முறை" என்று பெயர் ஒட்டுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

#7 நித்யா_சே

"மாணவர்கள்", "பையன்கள்" என்றே போகிறது இழை. காரணம், அங்கே இருந்ததும் அவர்கள்தான். பெண்களை எக்கோல் 1897 வரை உள்ளேயே விடவில்லை. சிற்பி எலேன் பெர்த்தோ 1881இல் பெண் கலைஞர்களுக்குச் சங்கம் ஆரம்பித்து, அதை ஒரு கோரிக்கையாகவே வைத்துப் பல வருடம் போராட வேண்டியிருந்தது.

ஏன் இது வரைதலோடு சம்பந்தப்பட்டது? நிர்வாண உருவத்தை வரையத் தெரியாதவருக்கு வரலாற்று ஓவியம் கிடையாது. வரலாற்று ஓவியம் இல்லாவிட்டால் ரோம் பரிசு (வென்றவரை அரசுச் செலவில் ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் பரிசு) கிடையாது. அது இல்லாவிட்டால் பெரிய அரசாங்க வேலை, பேராசிரியர் பதவி எதுவும் கிடையாது. மாடல் மேடை இருக்கிற அறையின் கதவைச் சாத்தினால் போதும், மற்ற கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும். ரோம் பரிசு 1663இல் தொடங்கியது. முதல் பெண் அதை வென்றது 1911இல், லூசியென் ஊவெல்மான்ஸ், சிற்பத்தில்.

இடையில் வழி கொடுத்தது ழூலியான் அகாடமி. 1868இல் தொடங்கிய தனியார் பள்ளி, நுழைவுத் தேர்வு இல்லை. பெண்களுக்கு மாடல் வைத்து வரைய இடம் கொடுத்தது, ஆனால் தனி அறை, ஆண்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்குக் கட்டணம். அங்கே படித்த மரி பாஷ்கிர்ட்செஃப் 1881இல் அந்த அறையையே வரைந்திருக்கிறார். அறை முழுக்கப் பெண்கள், தரையெல்லாம் தாள், மேடையில் ஒரு சிறுவன். லாச்சப்பல்காரன் சொன்ன நெரிசலை அதில் நேராகவே பார்க்கலாம். படம் இப்போது உக்ரைனில், திநீப்ரோ நகர அருங்காட்சியகத்தில். அதை வரைந்து மூன்று வருடத்தில் காசநோயில் இறந்துவிட்டார், வயது 25.

நம் பக்கம் இதோடு நேரடித் தொடர்பு உள்ளவர் அம்ரிதா ஷேர்-கில். எக்கோலின் கதவு திறந்து ஒரு தலைமுறை கழித்து, 1930இல் லூசியன் சீமோனின் அடெலியேவில் சேர்ந்தார். அவருடைய பாரிஸ் காலக் கரி நிர்வாணப் படங்களைத் தேடிப் பாருங்கள். பின்னாளைய படங்களில் அத்தனை எளிமையாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குள்ளே எலும்பு சரியாக இருப்பது எதனால் என்று புரியும்.

#8 மட்டுறுத்துநர்

படம் இணைப்பவர்கள் கவனத்துக்கு: நிர்வாண உருவப் பயிற்சிப் படங்களுக்குத் தடை இல்லை, மறைப்புக் குறி போட்டு இணைக்கவும். உயிரோடு இருக்கும் மாடல்களின் புகைப்படம் வேண்டாம்.

#9 டாக்டர்_மூர்த்தி

எலும்பு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நான் எலும்பு மருத்துவன், வரைவது பொழுதுபோக்கு.

எக்கோலில் உடற்கூறு தனிப் பாடம், சொல்லிக்கொடுத்தவர்கள் மருத்துவர்கள். 1873 முதல் மத்தியாஸ் துய்வால், 1903 முதல் போல் ரிஷே. ரிஷே சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோவோடு நரம்பு நோயாளிகளைப் பார்த்தவர், தானே நன்றாக வரைவார், சிற்பமும் செய்வார். அவருடைய தசைப் படங்களை இன்றைக்கும் நான் எடுத்துப் பார்ப்பேன். சில மருத்துவ அட்லஸில்கூடத் தசை இறுகும்போது தோலுக்கு மேல் எப்படித் தெரியும் என்பது இத்தனை தெளிவாக இருக்காது. அதற்கு முன் ஊதோன் 1767இல் ரோமில் செய்த தோலுரித்த மனித உருவம் இருக்கிறது. அதன் பிளாஸ்டர் வார்ப்பு இல்லாத ஓவியப் பள்ளியே ஐரோப்பாவில் அரிது.

இத்தனையும் படித்தவர்கள் ஏன் தெரிந்தே மீறினார்கள் என்பது என் சந்தேகம். ஓவியர் ஆங்கரின் 'கிராந்த் ஒதாலிஸ்க்' என்ற நிர்வாணப் பெண் ஓவியம், 1814. 1819இல் சலோன் என்ற பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் வைத்தபோதே முதுகில் மூன்று முள்ளெலும்பு அதிகம் என்று கேலி செய்தார்கள். 2004இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அளந்து பார்த்து, மூன்று இல்லை, ஐந்து என்று மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள். இடுப்பும் திரும்பியிருக்கும் விதத்தில் மனித உடம்பால் முடியாத திருப்பம். என்னிடம் அப்படி ஒரு எக்ஸ்ரே வந்தால் பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். "வரைதலே கலையின் நேர்மை" என்று சொன்னவரும் அதே ஆங்கர்தானே?

#10 லாச்சப்பல்காரன்

டாக்டர் தொட்ட இடம்தான் இந்த முறையின் நடு நரம்பு. கண்ணால் கண்டதை வரைவதா, திருத்தி வரைவதா? அகாடமி இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டது.

பிளாஸ்டர் சிலை வெறும் "அசையாத மாடல்" இல்லை. பெல்வெடெர் அப்போலோ, லாவோகூன், போர்கேசே வீரன் ஆகியவற்றின் வடிவத்தைப் பையன் மனதில் பதிய வைத்துவிட்டால், பிறகு நிஜ மாடலின் கோணல் காலைப் பார்க்கும்போது அவன் கை தானாகவே நேராக்கும் என்பது கணக்கு. ஓவியர் மோனே வயதான பிறகு ஒரு கதை சொன்னார். க்ளேர் என்ற ஓவியரின் அடெலியேவில் முதல் வாரம், குட்டையான தடித்த ஒரு மாடலை உள்ளபடி வரைந்திருக்கிறார். க்ளேர் பின்னால் வந்து நின்று, பரவாயில்லை, ஆனால் இது மாடலை அப்படியே வைத்திருக்கிறது, பாதம் பெரிது, பெரிதாகவே போட்டிருக்கிறாய், அழகாக இல்லை, உருவம் வரையும்போது பழைய சிலைகளை நினைக்க வேண்டும் என்றாராம். அன்றைக்கே மோனேக்கு அந்த இடம் விட்டுப்போயிற்று. மோனே சொன்ன கதை என்பதால் அதில் கொஞ்சம் உப்பு மிளகாய் இருக்கும். க்ளேர் மாணவர்களிடம் சம்பளம் வாங்காத மனிதர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அறை வாடகைக்கும் மாடலுக்கும் மட்டும் பங்கு வாங்குவார்.

ஆங்கருக்கு அந்த முதுகின் கோடு எலும்பைவிட முக்கியம். அது தெரியாத்தனம் இல்லை. ழெரோம் வேறு ஆள், அவருக்கு உள்ளபடி பார்ப்பதுதான் முதல். அவரிடம் படித்த எய்க்கின்ஸ் பிலடெல்பியாவுக்குத் திரும்பிப் போய், பிளாஸ்டரை ஒதுக்கிவிட்டுப் பிணம் அறுத்துச் சொல்லிக்கொடுத்தார். பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை எடுத்துக் காட்டி 1886இல் வேலையையும் இழந்தார். ஆக, "அகாடமி" என்று ஒரே பெட்டிக்குள் எல்லாரையும் போட முடியாது.

அந்தப் பிளாஸ்டர்கள் இப்போது எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1968 கொந்தளிப்புக்குப் பிறகு, 1970களில், எக்கோலின் போனபார்ட் தெருக் கட்டடத்திலிருந்து வெர்சாய் அரண்மனையின் பழைய குதிரை லாயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ரோம் பரிசும் அதே 1968இல்தான் நின்றது.

#11 கௌசல்யா_ஸ்கெட்ச்

எல்லாருக்கும் நன்றி, கேட்டதைவிட நிறையக் கிடைத்தது. ஒரு சுயநலக் கேள்வி. அடுத்த மாதம் மறுபடி மாடல் வருகிறார், இந்தத் தடவை இரண்டு மணி நேரம் ஒரே போஸ். அந்த அடெலியேவில் திங்கட்கிழமை காலை ஒருவர் என்ன செய்திருப்பார்? முதல் கோடு எங்கே?

#12 லாச்சப்பல்காரன்

நல்ல கேள்வி. எக்கோலின் மாலை வகுப்பும் ஓர் அமர்வுக்கு இரண்டு மணி நேரம்தான்.

கரியை எடுங்கோ, பென்சிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கோ. மெல்லிய திராட்சைக் கொடிக் கரி, துணியால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விட வேண்டும். ஆரம்பக் கோடு எல்லாமே பொய்க் கோடுதான். அழிக்கக் கஷ்டமான கோட்டைப் போட்டால் அதைக் காப்பாற்றத்தான் மனம் போகும்.

முதலில் உச்சந்தலைக்கு ஒரு குறி, பாதம் முடியும் இடத்துக்கு ஒரு குறி. இந்த இரண்டுக்கும் வெளியே ஆள் போகமாட்டார் என்று முடிவெடுத்த பிறகுதான் வேறு எதுவும். போன தடவை உங்களிடம் இல்லாமல் போனது இந்தக் குறிகள்தான். பிறகு நடுப்புள்ளி. நேராக நிற்கிற ஆளுக்கு அது அடிவயிற்றின் கீழ்முனையில் உள்ள எலும்புக்குக் கிட்டத்தட்ட வரும். மாடலில் எங்கே வருகிறது என்று கோலை நீட்டி அளந்து பாருங்கோ, மனப்பாடத்தை நம்ப வேண்டாம்.

அடுத்தது அசைவு. தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரே வளைவு. அதன் மேல் இரண்டு சாய்கோடு, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. எடை தாங்கும் பக்கத்தில் இடுப்பு மேலே ஏறியிருக்கும், அதே பக்கத் தோள் இறங்கியிருக்கும். இந்த இரண்டு சாய்வும் சரியாக விழுந்தால் ஆள் நிற்பார், மூக்கு கண் எதுவும் தேவையில்லை. உங்கள் பக்கத்துப் பையன் இதைத்தான் பிடித்திருக்கிறான்.

இப்போது தூக்குக்குண்டு. கொத்தனார் வைத்திருப்பதேதான், நூலில் ஒரு நட்டைக் கட்டினாலும் போதும். ஒரு கண்ணை மூடி, நூலைத் தொண்டைக் குழிக்கு நேராகப் பிடியுங்கோ. எடை முழுக்க ஒரு காலில் என்றால் நூல் அந்தக் காலின் உள்கணுக்கால் பக்கமாக விழும். தாளிலும் அதே மாதிரி விழுகிறதா? விழாவிட்டால் ஆள் சாய்ந்து விழப்போகிறார் என்று அர்த்தம், மேலே போகாதீர்கள். அதே நூலை முலைக்காம்பு, முழங்கால், குதிகால் என்று நகர்த்தி, எது எதற்கு நேர்கீழே என்று பாருங்கோ. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத்தான், புள்ளி சரியாக இருந்தால் கோடு தானே வரும்.

பிறகு புள்ளிகளைச் சேர்த்து நேர்க்கோடுகளால் ஓர் உறை. வளைவு வேண்டாம். வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நேர்க்கோட்டில்தான் தெரியும். பார்க் மூன்றாம் பாகம் முழுக்க இதுதான். கைக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தையும் ஒரு வடிவமாகவே பாருங்கோ.

கண்ணைப் பாதி மூடினால் உடம்பு இரண்டாகப் பிரியும், வெளிச்சம், நிழல். நிழலின் எல்லையை ஒரே கோடாக வரைந்து, உள்ளே ஒரே சாம்பல் நிறத்தால் நிரப்புங்கோ. நிழலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டாம். இதுவரை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது.

வாரத்தில் இரண்டு நாள்தான் ஆசிரியர் வந்து திருத்துவார். மற்ற நாள் பெரிய மாணவர்கள் சின்னவர்களைத் திட்டித் திருத்துவார்கள். ஆசிரியர் வந்ததும் அளவும் அசைவும் சரியா என்றுதான் முதலில் பார்ப்பார். தலையை மட்டும் பளபளவென்று முடித்து வைத்திருந்தவனுக்கு அவர் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கோ.

இன்னொன்று. பழைய படங்களில் மாடல் கையில் தடியோ, மேலே தொங்கும் கயிறோ இருக்கும். அதற்குக் கதை எதுவும் தேட வேண்டாம். ஒரு வாரம் கையைத் தூக்கியே வைத்திருக்க யாரால் முடியும்? முட்டுக்கொடுப்பதற்காகத்தான். உங்கள் மாடலுக்கும் ஒரு தடி கொடுங்கோ, இரண்டு மணி நேரம் சும்மா இல்லை.

#13 ஃப்ளாரன்ஸ்_ரவி

இந்தப் பதிவில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை, எங்கள் பிளாக்-இன்னும் (முழு உருவத்தையும் முதலில் பொதுவாக நிறுத்துவது) இதேதான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு? திங்கள் செவ்வாய் உறை, சரி. புதன் முதல் சனி வரை அந்தப் பையன்கள் செய்ததுதான் ஹாஃப் டோன். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே விலா எலும்பின் மேல் தோல் திரும்புகிற இடம். காகிதச் சுருளால் தேய்த்து, ரொட்டித் துணுக்கை உருட்டி அதனால் ஒத்தி எடுத்து, மறுபடி கரி வைத்து. ரப்பருக்குப் பதில் ரொட்டி என்பதால் அடெலியேவில் பசிக்கும் கரிக்கும் ஒரே கடையில்தான் சாமான்.

பிரெஞ்சு ஓவியர் ப்ருதோனின் நிர்வாணப் படங்களைப் பாருங்கள். நீலத் தாள், கறுப்புச் சுண்ணம், வெள்ளைச் சுண்ணம். தாளின் நிறமே நடு டோன். உடம்பின் வடிவத்தோடு ஓடும் மெல்லிய கோடுகள், அதை லேசாகத் தேய்த்து, அதன் மேல் மறுபடி கோடுகள். பல படங்களில் நீலம் வெளிறிச் சாம்பலாகிவிட்டது, அப்படியும் அந்த உடம்பு ஒளி விடுகிறது. அவர் பயிற்சிக் காலம் முடிந்த பிறகும் மாடலை வைத்து வரைவதை விடவேயில்லை. அந்தக் கண் எங்கிருந்து வரும்? மெதுவாகப் பார்த்ததிலிருந்துதான். பார்க் முதல் பாகத்தை நான் பரிந்துரைப்பது அதற்காக.

#14 லாச்சப்பல்காரன்

ப்ருதோனைக் கொண்டுவந்தால் நான் வாயை மூடவேண்டியதுதான். ஆனால் ப்ருதோன் மெதுவாகப் பார்த்தது உயிருள்ள உடம்பை, அச்சுத்தாளை இல்லை. ஓவியர் ழோர்ழ் சொராவையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. 1878இல் எக்கோலில் சேர்ந்து, ஆங்கரின் மாணவரான ஆன்றி லேமானிடம் படித்தார். அவருடைய மாணவப் படங்கள் கோடு கோடாக, கட்டுக்கோப்பாக இருக்கும். சில வருடத்தில் அதே கை கொந்தே கிரேயானை எடுத்து, சொரசொரப்பான மிஷாலே தாளில், கோடே இல்லாமல் வெறும் கறுப்பு வெள்ளைத் திரளால் ஆளை நிறுத்தியது. அந்தத் திரளின் ஓரம் ஒவ்வொன்றும் அளவு தப்பாமல் இருக்கும்.

கௌசல்யா, இணையத்தில் மூன்றாம் பாகம் இலவசமாகவே கிடைக்கும். பெரிய தாளில், கரியால், தோளிலிருந்து கையை அசைத்துப் போடுங்கோ. ஒரு பிளேட்டுக்கு இரண்டு மணி நேரம், முடியாவிட்டாலும் அடுத்ததற்குப் போய்விடுங்கோ. முதல் பாகப் பாதத்தை விட்ட இடத்தில் அப்படியே வைத்திருங்கள், அது எங்கும் ஓடாது.

#15 கௌசல்யா_ஸ்கெட்ச்

இரண்டு மணி நேரம் என்றால் ஷேடிங் உட்படவா, இல்லாமலா?

#16 ஃப்ளாரன்ஸ்_ரவி

உட்பட என்றால் நான்கு மணி நேரம்.

#17 லாச்சப்பல்காரன்

இல்லாமல். நிழல் எல்லைக் கோடு மட்டும் போதும். ரவி, உங்களுக்கு நான் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கோ.